வானில் வந்த ஆக்கள்

விமான நிலையக் கடையில் கோப்பிக்காக நிற்கிறேன். கல்லாவில் நின்ற பிள்ளை, "தனியவா போறீங்க?" என்று சும்மா ஒரு கதைக்குக் கேட்டாள். ஓம் என்றேன். அதற்குள் கோப்பி மணந்தது. எனக்கு முகம் சுட்டது. உங்களுக்குச் சொல்வதற்கென்ன, இதை நான் வேறு ஒருவருக்கும் சொன்னதில்லை.

வன்னியில் முன்பெல்லாம் ஒருவர் வெளிநாடு போவதென்றால் வாடகைக்குப் பிடித்த ஒரு வான் வண்டியே போகும். பயணக்காரர் ஒருவர், வழியனுப்புகிறவர்கள் பதினொருவர். என் முதல் பயணமும் அப்படித்தான். அலுவலகத்தில் மூன்று மாதப் பயிற்சிக்கு அனுப்பினார்கள்; எனக்கோ சந்திரனுக்கே போகிற நினைப்பு. இரவல் கோட், கழுத்தை நெரிக்கும் டை. விசுவமடுவில் புறப்பட்ட வான் மாங்குளத்தில் பெரியப்பாவை ஏற்றிக்கொண்டு, தம்புள்ளை தாண்டி ஒரு மர நிழலில் நின்றது. இடியப்பப் பார்சலை அவிழ்த்தோம். சம்பல் பட்டுவிடும் என்று டையைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டு மூக்கு முட்டச் சாப்பிட்டேன். அப்படி உறைத்த சம்பலை அதற்குப் பிறகு நான் கண்டதில்லை.

அக்கா மட்டும் கோப்பி நிறைத்த சுடுதண்ணிப் போத்தலை மடியில் வைத்தபடி இருந்தாள். கை நீட்டினேன். "இப்ப திறந்தா ஆறிப்போம். உள்ளுக்கை போகமுதல் தாறன்," என்றாள். அம்மா இல்லாத வீட்டில் கச்சான் கடலைத் தோட்டம் செய்து என்னைப் படிப்பித்தவள் அவள்.

விமான நிலைய வாசல் வரிசையில் நிற்கும்போது அந்தக் கோப்பியை மூடியில் ஊற்றி நீட்டினாள். வேர்க்கொம்புச் சுக்கும் மல்லியும் சேர்த்து இடித்தது. சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து, அதே விமானத்தில் வரவிருந்த என் கொழும்பு மேலதிகாரி கையில் கடைக் கோப்பியோடு வந்தார். அக்காவின் வெடித்த கால்களையும் ரப்பர் செருப்பையும் பார்த்தார்.

"யார் இவங்க?"

"வானில வந்த ஆக்கள், சேர்."

என் நாக்கு அழுகிப்போகவில்லை. அக்கா என்னை ஒருகணம் பார்த்துவிட்டு, "ஓம் ஐயா, வானிலதான் வந்தனாங்கள்," என்றாள். பிறகு என்னிடம், "குடியுங்கோ தம்பி, ஆறப்போகுது." என்னை 'டேய்' என்று தோட்டத்திலிருந்து கத்திக் கூப்பிடுகிறவள்! மூடியை வாங்காமல், பிறகு பார்க்கலாம் என்று உள்ளே போனேன். மேலதிகாரி வாங்கித் தந்த கோப்பியைக் குடித்தேன். வெட்கங்கெட்டவன், நல்லாயிருக்கு என்று வேறு சொன்னேன்.

இப்போது வான் பிடிப்பாரில்லை. வந்த பதினொரு பேரில் பாதிப்பேர் வெளிநாட்டில். மற்றவர்கள் போனில் கைகாட்டுவதோடு சரி. அக்கா விசுவமடுவில்தான் இருக்கிறாள். அந்தக் கதையை நானும் எடுத்ததில்லை, அவளும் எடுத்ததில்லை.

இன்று காலை அவள் வீட்டிலிருந்து புறப்படும்போது, "நீயும் ஒருக்கா எயார்போட்டுக்கு வாவனக்கா," என்று கேட்டேன். அவள் கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். குரலில் கோபமே இல்லை.

"வந்து? ஆரெண்டு கேட்டா என்னத்தைச் சொல்லுவாய்?"

அக்கா எண்டு சொல்லுவன். இவ்வளவுதான் பதில். அதைச் சொல்லாமல், கார் வந்திட்டுது என்று சொன்னேன்.