ரஷ்ய எழுத்தாளர் வீட்டில் என் தும்புத்தடி

எழுத்தாளர் நினைவில்லத்தில் துப்புரவு வேலைக்கு ஒரே விதிதான்: எந்தக் கதிரையையும் துடைக்கலாம், ஒன்றிலும் உட்காரக் கூடாது.

வந்த நாட்டில் என்னைப்போலத் தும்புத்தடி பிடித்தவர்களே, கோப்பை கழுவியவர்களே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எண்பத்தாறாம் ஆண்டு. பிராங்பேர்ட்டிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம் போனால், நோயாளிகள் வெந்நீர் ஊற்றில் குளிக்க வருகிற ஒரு சின்ன ஊர் வரும். அங்கே ஓர் அகதி முகாமில் என்னைப் போட்டிருந்தார்கள். என் அகதி விண்ணப்பத்தை, எங்கள் பேச்சில் கேஸை, ஒருமுறை நிராகரித்து, மேன்முறையீட்டில் தொங்கவிட்டிருந்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய்த் தாளில் முத்திரை வாங்க வேண்டும். முத்திரை விழாவிட்டால் கொழும்புக்கு விமானம். சம்பள வேலைக்கு அனுமதி இல்லை. ஆனால் ‘பொதுநல வேலை’ என்று நகரசபை கூப்பிட்டால் போகலாம்.

மற்றவர்களுக்குப் பூங்காவும் மயானமும் கிடைத்தன. எனக்கு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறைகள் கிடைத்தன. நூறு வருடங்களுக்கு முன்பு அங்கே ஒரு ரஷ்ய எழுத்தாளர் மூன்றரை வருடம் வாடகைக்கு இருந்தாராம். பெயரைச் சொன்னால் படித்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். நான் அப்போது அவரை ஒரு வரிகூடப் படித்ததில்லை. எனக்கு அவர் வெறும் ரஷ்யர். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

வாசலில் சப்பாத்து

இரண்டாவது அறையில் ஒரு சுவர் முழுக்கப் புத்தகம். அதற்குள் சப்பாத்தோடு போக எனக்குக் கால் வரவில்லை. வாசலில் கழற்றிவைத்துவிட்டுத்தான் தூசி தட்டுவேன். ஒருநாள் தட்டும்போது ஒரு புத்தகம் நழுவிக் காலில் விழுந்துவிட்டது. பதறிப்போய் எடுத்துக் கண்ணில் ஒற்றினேன். திரும்பினால், பார்க்க வந்த இரண்டு மூதாட்டிகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்கள்.

அடுத்த நிமிடம் அவர்களும் சப்பாத்தைக் கழற்றினார்கள். அவர்களைப் பார்த்து, பின்னால் வந்தவர்களும் கழற்றினார்கள். வரிசையாகச் சப்பாத்துகளைக் கண்டவர்கள் இதுதான் இங்கே முறை என்று நினைத்துக்கொண்டார்கள். ஜெர்மன்காரருக்கு முறை என்று ஒன்று தெரிந்துவிட்டால் கேள்வி கேட்க மாட்டார்கள். ஒரு மாதத்தில் எங்கள் படிக்கட்டு தேர்த்திருவிழா அன்றைய கோயில் வாசல் மாதிரி ஆகிவிட்டது.

நினைவில்லப் பொறுப்பாளர் பிராவ் லென்ஸ், நம் பேச்சில் திருமதி லென்ஸ். அறுபதை நெருங்கும் ஒல்லியான பெண்மணி. சிரிப்பதற்குக்கூட முன்கூட்டியே நேரம் குறித்துக் கொடுக்கிற ஆள். அவர் என்னைக் கூப்பிட்டபோது வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் சொன்னது இதுதான்: “ஹெர் சிவம், நேற்று வந்த பெரிய மனிதர் ஒருவரின் காலுறையில் ஓட்டை. அப்படி ஒன்று இருப்பதை அவர் இங்கே வந்துதான் கண்டுபிடித்தார். கீழே ஒரு அறிவித்தல் வைப்போமா?”

கோட்டு இல்லாத கொழுவி

கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் வெறும் மரக்கொழுவி ஒன்று இருந்தது. கீழே சின்ன எழுத்தில் குறிப்பு. ரஷ்யர் இந்த ஊரில் கழித்த இரண்டாவது மாரியில், பனியில் நடுங்கிக்கொண்டு நின்ற ஒரு குதிரை வண்டிக்காரருக்குத் தன் ஒரே கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். பிறகு வசந்தம் வரும்வரை கம்பளியைப் போர்த்துக்கொண்டு எழுதினாராம். கொடுத்ததைப் பற்றி அவர் எங்கேயும் எழுதவில்லை. வண்டிக்காரரின் மகள் கிழவியான பிறகு சொல்லித்தான் தெரியவந்தது.

அந்தக் கொழுவியைத் துடைக்கும்போது எனக்கு எப்போதும் மனது இளகும். நான் ஜெர்மனிக்கு வந்து இறங்கியது பங்குனி மாதம், ஒரு மெல்லிய சேர்ட்டோடு. முதல் கோட்டைத் தந்தவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

ஒருநாள் வெந்நீர்க் குளிப்புக்கு வந்த ஒரு கணவனும் மனைவியும் மேலே வந்தார்கள். வெறும் கொழுவியைப் பார்க்கவா நுழைவுச்சீட்டு வாங்கினோம் என்று கணவர் முணுமுணுத்தார். மனைவி திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: “கோட்டு தொங்குகிற கொழுவி நம் வீட்டில் ஏழு இருக்கிறது. அதைப் பார்க்க யாராவது வருகிறார்களா?”

கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் அன்ராக்

ஜன்னலோரக் கண்ணாடிப் பெட்டியில் ஒரு கடிதம். கண்ணாடியைத் துடைக்கிற சாட்டில் நாளுக்கு ஒரு வரியாக அகராதியை வைத்துப் படித்தேன். என் ஜெர்மன் பாடப் புத்தகம் அதுதான். மூன்றாவது கிழமைதான் விஷயம் உறைத்தது. இது கதையுமில்லை, காதல் கடிதமுமில்லை. அன்ராக்! முகாமில் நாங்கள் நிரப்புகிற அதே விண்ணப்பம்.

அவருடைய கடவுச்சீட்டு காலாவதியாகிவிட்டதாம். புதுப்பிக்க அவருடைய அரசாங்கம் மறுத்துவிட்டதாம். இன்னும் மூன்று மாதம் இந்த ஊரில் தங்க அனுமதிக்கும்படி நகரக் காவல் அலுவலகத்தைப் பணிவோடு கேட்கிறார். காரணம் என்ற இடத்தில் ஒரே வரி: ‘என் வேலை இன்னும் முடியவில்லை.’ பெரிய நாவலை அப்போதுதான் எழுதிக்கொண்டிருந்தார். இவ்வளவு பெரிய மனிதரும் மூன்று மாதத்துக்குக் கை கட்டி நின்றிருக்கிறாரே!

ஓடிப்போய் பிராவ் லென்ஸிடம் கேட்டேன்: “அவருக்குக் கிடைத்ததா?” என்ன கிடைத்ததா என்றார். “முத்திரை!” என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “பதினொரு வருடமாக இங்கே இருக்கிறேன். அவருடைய காதலிகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், தாடியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், குறட்டை விடுவாரா என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள். இதை ஒருவரும் கேட்டதில்லை.”

கேஸ் எழுதத் தெரியாத மனுசன்

என் முகாம் அறையில் கூட இருந்தவர் குணம் அண்ணை. ஊரில் தபாற்கந்தோரில் வேலை பார்த்தவர். முகாமில் யாருக்கு என்ன கடிதம் வந்தாலும் அவரிடம்தான் போகும். உறையைத் தடவிப் பார்த்தே நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று சொல்லிவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் இன்னும் ஐந்து பேரையும் நினைவில்லத்துக்குக் கூட்டிப்போனேன். பேனாவைக் காட்டினேன், பார்க்கவில்லை. கட்டிலைக் காட்டினேன், பார்க்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக் கடிதத்தை மொழிபெயர்த்துச் சொன்னதுதான் தாமதம், ஆறு பேரும் சுற்றி நின்றுகொண்டு ஒரே குரலில் கேட்டார்கள்: “கிடைச்சதோ?”

தெரியாது என்றேன். குணம் அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது, ரஷ்யர்மேல். இது வருத்தக்காரர், நோயாளிகள், குளிக்க வருகிற ஊர். நெஞ்சு நோ என்று ஒரு வைத்தியரிடம் சான்றுத் துண்டு வாங்கியிருந்தால் ஒரு வருடமே கொடுத்திருப்பார்கள் என்றார். உண்மையில் ஒரு வைத்தியரே எழுதித் தரச் சம்மதித்தும், ‘நான் சுகமாக இருக்கிறேன்’ என்று ரஷ்யர் மறுத்துவிட்டதாகப் பக்கத்துக் குறிப்பில் இருந்தது. பொய் எழுதிய கையால் பிறகு நாவல் எழுத முடியாது என்றாராம். எனக்கு அதைக் கேட்டு உடம்பு சிலிர்த்தது. குணம் அண்ணைக்குச் சிலிர்க்கவில்லை.

படியிறங்கிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்: “நல்ல மனுசன்தான், தம்பி. ஆனா கேஸ் எழுதத் தெரியாத மனுசன்.”

இறுதித் தடவையாக

எண்பத்தேழு ஐப்பசியில் என் தாளில் வழக்கமான முத்திரைக்குக் கீழே புதிதாக ஒரு சொல் விழுந்தது. ‘இறுதித் தடவையாக.’ குணம் அண்ணை அதை இரண்டுதரம் படித்துவிட்டு, மடித்து என் சட்டைப்பையில் வைத்தார். உறையைத் தடவியே செய்தி சொல்கிறவர் அப்படிச் செய்ததுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. ஊரில் என் வயதுப் பெடியன்களைப் பிடித்துக்கொண்டு போகிற காலம். திரும்பிப் போனால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த நாள் நினைவில்லக் கதவுத் திறப்பைக் கொண்டுபோய் பிராவ் லென்ஸின் மேசையில் வைத்தேன். மூன்று மாதம்தான் இருக்கிறது, வேறு ஆளைப் பழக்குங்கோ என்றேன். அவர் தாளை வாங்கிப் படித்தார். திறப்பைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான்கு நாள் அவரைக் காணவில்லை. ஐந்தாம் நாள் தலைமயிரெல்லாம் தூசியோடு வந்தார். நகர மண்டபத்து நிலவறையில் இருந்து ஒரு பழைய கோப்பைக் கண்டுபிடித்திருந்தார். ரஷ்யரின் கோப்பு! உள்ளே பதினாலு விண்ணப்பம், பதினாலிலும் ‘வேலை இன்னும் முடியவில்லை’ என்ற ஒரே காரணம். பதினாலுக்கும் அனுமதி கொடுத்திருந்தார்கள், மூன்று மூன்று மாதமாக. பதினைந்தாவது விண்ணப்பம் இல்லை. புத்தகத்தை முடித்துக்கொண்டு அவர் தன்பாட்டில் போய்விட்டார்.

பிராவ் லென்ஸ் முதலாவது தாளின் அடியில் விரலை வைத்தார். முத்திரைக்குக் கீழே, கோணல் எழுத்தில், என் தாளில் இருந்த அதே சொல். இரண்டாவது தாளிலும் அது இருந்தது. மூன்றாவதிலும் இருந்தது. எண்ணிக்கொண்டே போனேன், கண் மறைத்தது, எண்ண முடியவில்லை. அந்த மனுசன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைக் கையில் வாங்கிக்கொண்டு வந்து, இதே அறையில் உட்கார்ந்து, அடுத்த அத்தியாயத்தைத் தொடங்கியிருக்கிறார். பிராவ் லென்ஸ், நேரம் குறிக்காமலே, முதன்முறையாகச் சிரித்தார். “ஹெர் சிவம், இவருக்குப் பதினாலு கடைசித் தடவை. உங்களுக்கு இப்போதுதான் ஒன்று.”

அரிசி

முகாமுக்கு ஓடினேன். குணம் அண்ணை அடுப்படியில் நின்றார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, எத்தனை என்று இரண்டுதரம் கேட்டார். பிறகு அரிசி வாளியைத் திறந்தார். முந்தின நாள்தான் சாமானெல்லாம் முடியட்டும், இனி ஒன்றும் வாங்க வேண்டாம் என்று சொல்லியிருந்தவர்.

“உந்த மனுசனைக் கேஸ் எழுதத் தெரியாதவர் எண்டு சொல்லிப்போட்டன், பிழை. பதினாலு கடைசி எண்டால், தம்பி, எங்களுக்கு இன்னும் பதின்மூண்டு கிடக்கு. ரெண்டு சுண்டு அரிசி கூடப் போடு, பக்கத்து அறையையும் கூப்பிடுவம்.”

அலுவலர் கேட்ட கேள்வி

மூன்று மாதம் முடிந்து வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனேன். நூறு வருடத்துக் கதை இந்த மேசையில் செல்லுமா என்று யாருக்குத் தெரியும்? நெஞ்சு நோ என்று துண்டு வாங்கச் சொல்லி முகாமில் இரண்டு பேர் யோசனை தந்திருந்தார்கள். என் நெஞ்சோ கல் மாதிரி இருந்தது. நானும் வாங்கவில்லை.

கையில் பிராவ் லென்ஸ் தந்த கடிதம் ஒன்றுதான். புதிதாகக் கிடைத்த கோப்பை நினைவில்லத்தில் ஒழுங்குபடுத்த நான் தேவை என்று எழுதியிருந்தார். அது உண்மை. காரணம் என்ற இடத்தில் அவர் ஒரே வரி எழுதியிருந்தார்: ‘வேலை இன்னும் முடியவில்லை.’

அலுவலர் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார். முத்திரையை எடுத்து ஊதிவிட்டுக் குத்தினார். கீழே பேனாவால் அந்தப் பழைய சொல்லை எழுதினார். அதைக் கண்டதும் என்னையறியாமல் சிரித்துவிட்டேன், கண்ணீரோடு. நன்றி, நன்றி என்றேன். அவர் தாளைத் திருப்பி வைத்துச் சரிபார்த்தார். பிழை ஒன்றும் இல்லை. பிறகு குழம்பிப்போய்க் கேட்டார்: “இறுதித் தடவையாக என்றுதானே எழுதியிருக்கிறேன். இதற்கு ஏன் நன்றி சொல்கிறீர்கள்?”

இப்போது ஜெர்மன் கடவுச்சீட்டே என் சட்டைப்பையில் இருக்கிறது, ஆனாலும் யாராவது என்னிடம் “இதுதான் கடைசி” என்றால், வாய் “சரி” என்று சொல்ல, மனதுக்குள் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கிவிடுகிறேன்.