முட்டுதா, முட்டலையா?

ஸ்கேன் சென்டரில் ஆயா வேலை என்றால், வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து ஒன்னுக்கை அடக்க வைக்கிற வேலை. எட்டாவதோடு நின்றவள் நான். தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயம்தான். ஆனால் பஸ்ஸிலும் கம்பெனியிலும் அடக்கிக்கொண்டே திரிகிற அக்கா தங்கச்சிகளே, உங்களுக்குப் புரியும். எங்கள் சென்டரில் ஒரே பாத்ரூம். வாசலில் எப்போதும் வரிசை. சண்டை வராமல் பெயர் சொல்லி உள்ளே அனுப்புவதும் நான்தான். அதனால் நானும் தண்ணீர் குடிக்காமல், காலையிலிருந்து அடக்கிக்கொண்டு நிற்பேன். சில நாளாக ஒன்னுக்குப் போனால் எரிச்சல் வேறு. என்ன வியாதியோ என்று உள்ளுக்குள் உதறல்!

குடம் காலி

கோவில்பதாகையிலிருந்து வந்த அம்மாவுக்கு ஸ்கேனில் மூத்திரப்பை காலி! குடித்தது நேராகப் பைக்குள் விழாது, கிட்னி வடிகட்டிச் சொட்டுச் சொட்டாகத்தான் இறக்கும், மறுபடி குடித்துவிட்டு உட்காருங்கள் என்றேன். அந்தம்மாவுக்கு வந்ததே கோபம்!

“ஊட்டுல ஒரு குடம் குடிச்சேன்மே! அதுக்காவ, கெளம்பசொல்லோ ஒன்னுக்குப் போவாம வருவாங்களா?”

துணைக்குக் குடித்தவர்

பை நிறைந்தால் பலூன் மாதிரி உப்பி, குடலை மேலே தள்ளிவிடும். அப்போதுதான் கர்ப்பப்பை கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோலத் தெரியும். இதைச் சொல்லி, காட்டுப்பாக்கத்துப் பெண் ஒருத்திக்குப் பாட்டில் பாட்டிலாகக் கொடுத்தேன். பாவம் தனியாகக் குடிக்கிறாளே என்று புருஷனும் கூடவே குடித்தார். கொஞ்ச நேரத்தில் அவர் கால் மாற்றி கால் மாற்றி ஆடுகிறார்!

“இன்னாக்கா இது அநியாயம்! ஸ்கேன் அவளுக்கு, முட்டிகினு கீறது எனக்கு!”

என் படம்

ஒருநாள் நான் முகம் சுளிப்பதை டாக்டரம்மா பார்த்துவிட்டார். “ஏறிப் படுங்க” என்றார். திரையில் கறுப்பாக, இளநீர்க் காய் அளவுக்கு என் பை! அம்மாடி, எனக்குள்ளா இது என்று வாயைப் பிளந்தேன். போய்விட்டு வரச் சொல்லி மறுபடி வைத்துப் பார்த்தார். அடியில் இன்னும் குட்டை மாதிரி தேங்கி நின்றது.

பை என்பது சதையாம். பாதி நிறைந்ததுமே மூளைக்குச் சேதி அனுப்புமாம். சேதியை மதிக்காமல் அடக்கிக்கொண்டே இருந்தால், பழைய பாவாடை எலாஸ்டிக் போலத் தொய்ந்துபோய், பிழிந்து வெளியேற்ற முடியாதாம். தேங்கினால் கிருமி சேரும், விட்டால் கிட்னிவரை ஏறும் என்றார். மாத்திரை எழுதிக்கொண்டே கேட்டார்:

“ஊர்ல எல்லாரையும் ‘முட்டுதா, முட்டுதா’ன்னு கேக்கறீங்களே வசந்தாக்கா, உங்களை நீங்க கேட்டீங்களா?”

இப்போதெல்லாம் நானும் பாட்டில் வைத்துக் குடிக்கிறேன், பாத்ரூம் வரிசைக்குப் பெயர் கூப்பிடும்போது நடுவில் “வசந்தா!” என்று சத்தமாகக் கூப்பிட்டு, “இதோ வந்துட்டேன்” என்று நானே உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்கிறேன்.