ஒய்பி வந்தால்தான் சாப்பாடு

அந்த வீடியோ உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். கிள்ளானில் ஒரு கல்யாண மண்டபம். நடுவே சிவப்புக் கம்பளம். ஒருவர் கும்பிட்டுக்கொண்டே அதில் நடந்து வந்து, முன்வரிசை மேசையில் ஒரு நாற்காலியைப் பிடிக்கிறார். அங்கே வேறொருவர் பெயர் எழுதிய அட்டை. அப்படியே நின்றுவிடுகிறார். கீழே மலாயில் ஒரு வரி: 'இன்னும் நாற்காலி தேடுகிறார்.'

அவருக்குப் பின்னால், கத்தரிப்பூ நிறப் புடவையில், வாயைப் பிளந்தபடி ஒரு பெண் நிற்கிறாளே... அது நான்தான்.

அங்கே உனக்கென்ன வேலை என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். சொல்லிவிடுகிறேன்.

அவர் பெயர் வேண்டாம். டத்தோ என்றே வைத்துக்கொள்வோம். போன தேர்தல் வரை நாடாளுமன்ற உறுப்பினர், அதாவது ஒய்பி. இந்த ஒய்பி இருக்கிறதே, அது ஜெயித்தால் வரும், தோற்றால் போய்விடும். டத்தோ பட்டம் அப்படியில்லை, சாகும்வரை கூடவே இருக்கும். அவர் மனைவி மலர்விழி என் பள்ளித்தோழி. நான் விளம்பரக் கம்பெனியில் வெகுகாலம் குப்பை கொட்டியவள் அல்லவா? "ஒரு தடவை வந்து கேளு, இந்தப் பிள்ளை சொல்றது எனக்கு ஒன்னும் புரியல" என்று பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குக் கூப்பிட்டாள்.

'இந்தப் பிள்ளை' என்றது ஷாமினியை. பெட்டாலிங் ஜெயாவில் அலுவலகம் வைத்திருக்கிறாள். தோற்றுப்போன டத்தோவின் இமேஜைத் தேசிய அளவில் தூக்கி நிறுத்துவது அவள் வேலை. ரசம் ஆறுவதற்குள் திட்டத்தைச் சொல்லி முடித்துவிட்டாள்.

"மக்கள் உங்களை இந்தியத் தலைவராத்தான் பார்க்கிறாங்க டத்தோ. மலேசியத் தலைவரா பார்க்கணும். இனிமே மாலை, பொன்னாடை போட்டோ வேணாம். அரிசி மூட்டை கொடுக்கிற போட்டோ வேணவே வேணாம். மலாய் பாட்காஸ்ட்ல பொருளாதாரம் பேசுங்க. எல்ஆர்டி ரயில்ல போங்க, வாங்க."

நல்ல திட்டம். என்னைக் கேட்டிருந்தாலும் ஏறக்குறைய இதைத்தான் எழுதிக் கொடுத்திருப்பேன்.

டத்தோ தலையாட்டிக்கொண்டே இருந்தார். பரிமாற வந்தவர், "ஒய்பிக்கு இன்னொரு மீன் வைக்கவா?" என்று கேட்டார். டத்தோ திருத்தவில்லை. அந்த ஒரு சொல்லுக்கு அவர் முகம் மலர்ந்ததையும், அடுத்த நொடியே வாடியதையும் பார்த்தேன். பாவமாக இருந்தது. அறுபதை நெருங்கும் மனிதர். அரசியலை விட்டால் வேறு எதுவும் தெரியாது. எப்படியாவது மறுபடி ஜெயிக்க வேண்டும். இல்லையென்றால் மிச்சக் காலத்தை என்ன செய்வது என்பதே அவருக்குப் புரியவில்லை.

"அப்புறம்... தவமணி வீட்டுக் கல்யாணம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

தவமணி அக்கா அவருடைய சேவை மையத்தில் பல வருடம் வேலை பார்த்தவர். கொடி கட்டுவது, ஆள் சேர்ப்பது, கூட்டத்துக்குத் தேநீர் போடுவது எல்லாம் அவர்தான். மகளுக்குக் கல்யாணம். வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருந்தார்.

"போகாதீங்க டத்தோ," என்றாள் ஷாமினி. "புது ஒய்பியும் வர்றாராம். ரெண்டு பேரையும் வெச்சு கம்பேர் பண்ணுவாங்க. அதோட, கிள்ளான் கல்யாணத்தைப் பார்த்து எங்கயோ இருக்கிற ஜொகூர்ல யாராவது ஓட்டுப் போடுவாங்களா?"

நியாயமான கேள்விதான். மலர்தான் இலையை மடித்தாள். "தவமணி நமக்காக வெயில்ல நின்னவ. நாம போறோம்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீயும் வர்ற. தனியா இவர் முகத்தைப் பார்த்துக்கிட்டு என்னால உக்கார முடியாது."

இப்படித்தான் நான் அந்த வீடியோவுக்குள் போனேன்.

காலையில் கோயிலில் தாலி கட்டு. பகல் விருந்து மண்டபத்தில். டத்தோ அழைப்பிதழில் போட்ட நேரத்துக்கே வந்துவிட்டார். வாசலில் பன்னீர் தெளித்தார்கள், சந்தனம் கொடுத்தார்கள். அதன்பிறகு அவர் யோசித்து நடக்கவில்லை, கால்கள் பழகிய பாதையில் போய்விட்டன. மைக்கைப் பிடித்திருந்த அறிவிப்பாளருக்கும் அதே பழக்கதோஷம். "நம் அன்புக்குரிய ஒய்பி அவர்கள்..." என்று ஆரம்பித்துப் பாதியில் விழுங்கினார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. போன்கள் உயர்ந்தன.

வீடியோ அங்கே முடிகிறது. மிச்சத்தை யாரும் படம் பிடிக்கவில்லை.

தவமணி அக்கா ஓடி வந்தார். "மன்னிச்சிருங்க டத்தோ. புது ஒய்பியோட கட்சி ஆளுங்க வந்து அட்டை வெச்சிட்டுப் போனாங்க, நான் என்னா செய்ய? இருங்க, இன்னொரு நாற்காலி போடச் சொல்றேன்." பெற்ற மகளின் கல்யாணத்தன்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

டத்தோ நாற்காலியிலிருந்து கையை எடுத்தார். "வேணாம்மா. நான் பின்னால உக்காந்துக்கிறேன்."

கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. அந்த மேசையில் காப்பார் ஊரிலிருந்து வந்த ஆன்டி ஒருவர் ஏற்கெனவே இருந்தார். உட்கார்ந்தோம். உட்கார்ந்துகொண்டே இருந்தோம். சுவரோரம் வரிசையாகச் சாப்பாட்டுப் பாத்திரங்கள், ஒன்றின் மூடியும் திறக்கவில்லை. வடை வாசனை மட்டும் வந்துகொண்டிருந்தது. மணி இரண்டைத் தாண்டியது. பிள்ளைகள் சிணுங்க ஆரம்பித்தார்கள்.

"ஏன் ஆன்டி இன்னும் சாப்பாடு திறக்கல?" என்று டத்தோ கேட்டார்.

"ஒய்பி வரணும்லா."

"அவர் வரும்போது வரட்டும். பிள்ளைங்க என்னா பாவம் பண்ணுச்சு?"

ஆன்டி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கும் இப்படித்தான் காத்திருந்தோம். நீங்க இதைவிட லேட்டு."

அதில் கோபம் எதுவும் இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வார்களே, அந்தக் குரலில்தான் சொன்னார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு கிரீம் கிராக்கர் பொட்டலத்தை எடுத்தார். அவருக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி. மாத்திரை போட்டுவிட்டு வயிற்றைக் காயப்போட்டால் மயக்கம் வரும். அதனால் ஒய்பி வருகிற கல்யாணம் என்றால் பிஸ்கட் இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லையாம். டத்தோவுக்கும் ஒன்றை நீட்டினார். "சாப்பிடுங்க. இன்னும் நேரம் ஆகும்."

வாங்கிக்கொண்டார். ஆனால் கடிக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் பக்கம் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. மலர் அழைப்பிதழால் விசிறுவதை நிறுத்திவிட்டாள்.

திடீரென்று டத்தோ எழுந்து தவமணி அக்காவிடம் போனார். என்ன வம்போ என்று நானும் பின்னாலேயே போனேன்.

"அம்மா, சாப்பாட்டைத் திறக்கச் சொல்லுங்க. பசியோட இருக்காங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

தவமணி அக்கா கையைப் பிசைந்தார். "எப்படி டத்தோ... ஒய்பி வராம? தப்பா நெனச்சுக்குவாங்க லா."

பதவியில் இருந்தபோது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனை மூடிகளும் திறந்திருக்கும். அப்போது அவருக்குத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது, சொன்னால் நடக்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து அந்த பிஸ்கட்டைத் தின்றார்.

ஒருவழியாகப் புது ஒய்பி வந்தார். நாதஸ்வரம், மாலை, பொன்னாடை. பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் கால் மாற்றி மாற்றி நிற்க, தொகுதி மேம்பாடு பற்றி ஒரு பேச்சு. போட்டோ. அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டதாம், ஒரு வாய் சாப்பிடாமல் கிளம்பிவிட்டார்.

"நானும் ஒரு கல்யாணத்துலயும் சாப்பிட்டதில்ல," என்றார் டத்தோ. மலர் அவருக்குத் தட்டு எடுத்து வரப் போனாள்.

இதில் யாரைத் திட்டுவது? சாப்பாட்டை மூடி வையுங்கள் என்று எந்த ஒய்பியாவது கேட்டாரா? எனக்குத் தெரிந்து இல்லை. கம்பளம் விரித்ததும் நாம்தான், மூடி வைத்ததும் நாம்தான். மகள் கல்யாணத்துக்கு ஒய்பி வந்தார் என்று சொல்லிக்கொள்வதில் நமக்கும் ஒரு பெருமை. அந்தப் பெருமைக்காகப் பெற்ற பிள்ளைகளைப் பட்டினி போடுகிறோம். பிறகு அவர் தோற்றதும், 'ரொம்பத்தான் காக்க வைத்தார்' என்கிறோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வீடியோ இதற்குள் ஊரைச் சுற்றிவிட்டது. ஷாமினி திட்டமிட்டிருந்த மலாய் பாட்காஸ்ட் போன வாரம் பதிவானது. அவள் ஒரு பதிலைத் தயாரித்துக் கொடுத்திருந்தாள். 'புதிய உறுப்பினரை வரவேற்கத்தான் அந்த மேசையருகே நின்றேன்.' அழகான பொய். யாராலும் மறுக்க முடியாது. கௌரவமும் தப்பிக்கும். டத்தோ அதை மனப்பாடம் செய்திருந்தார். காரில் மூன்று தடவை சொல்லிப் பார்த்தார் என்று மலர் சொன்னாள்.

பேட்டி எடுத்த இளைஞர் மரியாதையானவர். வீடியோவைப் போட்டுக் காட்டி, "அன்றைக்கு என்ன நடந்தது, டத்தோ?" என்று கேட்டார். பதிவறைக் கண்ணாடிக்கு வெளியே மலர், ஷாமினி, நான் மூவரும் நின்றுகொண்டிருந்தோம். ஷாமினி உதட்டசைவாலேயே பதிலை எடுத்துக் கொடுத்தாள்.

டத்தோ தண்ணீரைக் குடித்தார். பிறகு மலாயில் சொன்னதன் சாரம் இதுதான்:

"கால் தானாகப் போய்விட்டது. பல வருடம் அது என் இடம். அப்புறம் பின்னால் போய் உட்கார்ந்தேன். எல்லோரோடும் சாப்பாட்டுக்குக் காத்திருந்தேன். பசித்தது. எனக்காக எத்தனை பேர் இப்படிப் பசியோடு உட்கார்ந்திருப்பார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்து, ஏன் தோற்றீர்கள் என்று கேட்பீர்கள். அதற்கும் இதையே வைத்துக்கொள்ளுங்கள்."

ஷாமினி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். மலர் என் கையை இறுகப் பிடித்தாள்.

அந்த இளைஞர், "எங்கள் கல்யாணத்திலும் இப்படித்தான் டத்தோ... ஒய்பி வரும்வரை சோறு கிடையாது," என்றார். இருவரும் சிரித்துவிட்டார்கள்.

அது வெளியான நாள் முதல் பின்னூட்டங்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். நடிக்கிறார் என்று பலர். அவ்வளவு சீக்கிரம் யார் நம்புவார்கள்? ஆனால் 'எங்கள் ஊரிலும் இதே கதைதான்' என்று எழுதியவர்களும் நிறைய. கெடாவிலிருந்து ஒரு மலாய்க்கார அம்மா. ஈப்போவிலிருந்து ஒரு சீன ஆசிரியர். ஜொகூரிலிருந்தும் வந்திருக்கிறது, கேட்டுக்கொள் ஷாமினி. இப்போது அவள் இதுவும் தன் திட்டத்தில் இருந்ததுதான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறாளாம். சொல்லட்டும், பிழைக்கிற பிள்ளை.

இதெல்லாம் ஓட்டாக மாறுமா? எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், டத்தோ இப்போது கல்யாணங்களுக்குச் சமையல்காரருக்கு முன்பே போய்விடுகிறாராம். போன ஞாயிற்றுக்கிழமை போனபோது மண்டபத்தின் கேட்டையே இன்னும் திறக்கவில்லையாம். அவரும் மலரும் காருக்குள் உட்கார்ந்திருந்தார்களாம்.

"மறுபடி ஜெயிச்சாலும் இப்படியே இருப்பாரா?" என்று மலரிடம் கேட்டேன்.

"அதுக்குத்தான் தினமும் சாமிகிட்ட வேண்டிக்கிறேன்," என்றாள்.

ஜெயிக்க வேண்டும் என்றா, தோற்க வேண்டும் என்றா... நான் கேட்டுக்கொள்ளவில்லை.