அலெக்சாந்திரியாவில் உம்மாவுக்காகக் கேட்ட துஆ

விடுமுறைக்கு அலெக்சாந்திரியா போயிருந்தேன். காலையில் தெருமுனைக் கடையில் சுடச்சுட ரொட்டி, ஐவேளையும் பக்கத்துப் பள்ளிவாசலில் தொழுகை. அப்படி நிம்மதியாய்க் கழிந்த நாள்களில்தான் டொரொண்டோவிலிருந்து தங்கை அழைத்தாள். அண்ணனான என்னை அவள் நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"நானா, உம்மாக்கு மூச்சு இழுக்குது. ஏலுமெண்டா இப்பவே வாங்க."

அலெக்சாந்திரியாவில் கடும் புயல். விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். வேறு போக்கிடம் தெரியாமல் பள்ளிவாசலுக்கு ஓடினேன். பிற்பகல் தொழுகையான அஸரைத் தொழுது முடித்தும் எழ முடியவில்லை. தொழுகை வரிசையான ஸஃப்பிலேயே உட்கார்ந்து விம்மினேன். ரொட்டிக்கடைக்காரர் பக்கத்தில் வந்து அரபியில் ஏதோ கேட்டார். சின்ன வயதிலிருந்து குர்ஆன் ஓதுகிறவன் நான். ஆனால் என் துயரத்தைச் சொல்ல அரபியில் ஒரு வசனமும் வரவில்லை.

"உம்மா... உம்மா..." என்றேன்.

அவருக்கு விளங்கிவிட்டது. அவர்கள் மொழியிலும் தாய்க்கு ஏறக்குறைய அதே சொல்தானே! வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டார். முன்பின் தெரியாத அத்தனை பேரும் திரும்பி வந்து, என்னைச் சுற்றி உட்கார்ந்து உம்மாவுக்காகக் கையேந்திப் பிரார்த்தித்தார்கள்.

புயல் ஓய்ந்து நான் டொரொண்டோ வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது.

"உங்களுக்காக ஏலுமான மட்டும் பாத்துக்கொண்டு இருந்தம் நானா," என்று தங்கை டொரொண்டோவை ஒட்டிய மிசிசாகா வீட்டு வாசலிலேயே கதறினாள். அவளருகில் உட்கார்ந்து, அந்த முன்பின் தெரியாதவர்களைப் போலவே நானும் கையேந்தினேன்.