ஜெனிற்றா அக்கா பிழை விடவில்லை

செய்தி வந்தபோது நான் பள்ளிக்கூடப் பேருந்தில் இருந்தேன். “ஜெனிற்றா போயிட்டாள், பிள்ளை. வீட்டை வா,” என்று அம்மா தொலைபேசியில் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. ஏன் என்பதை நாளை அக்காவின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் உங்கள் முன் வாசிக்கப் போகிறேன். அப்பா இதை முதலில் கண்டால் வாசிக்க விடமாட்டார். அதனால் எல்லோரும் படுத்தபின் போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன்.

அக்கா கட்டடக்கலை படித்தவர். நாங்கள் வருடாவருடம் எல்லை தாண்டிப் போய் அந்தோனியார் திருநாள் கொண்டாடும் அந்தப் பிரெஞ்சுக் கிராமத்துக் கோயிலை ஆராய்ந்தவர். மக்கள் இருக்கும் பகுதி மிகப் பழையது. ஜன்னல்கள் அரைவட்டமாக முடியும். பலிபீடப் பகுதி ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிந்தியது. அங்கே ஜன்னல்கள் கூரானவை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் கூரையிலிருந்து நிலம்வரை ஒரு பிளவு. சுவரைத் துளைத்து இரும்புக் கம்பிகள் போட்டு இறுக்கவேண்டும் என்றார் அந்த ஊர்ப் பொறியியலாளர்.

அக்கா சிரித்தார். “உது வெடிப்பில்லையடி, தையல். பழைய சுவரோட கல்லைக் கோக்காமல் புதுச்சுவரைச் சும்மா முட்டவைச்சுக் கட்டியிருக்கினம். எண்ணூறு வருசமா ரெண்டும் தங்கடபாட்டில நிக்குது. இறுக்கினால்தான் வெடிக்கும்.”

அதைக் காட்ட, பிளவின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரு முனையிலும் சாந்து வைத்து ஒட்டி, நடுவில் தேதி எழுதினார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். மூன்று வருடம் உடையவில்லை. ஒவ்வொரு திருநாளிலும் அதனிடம் போய், “என்ன மச்சாள், சுகமே?” என்று கேட்பார்.

கடந்த திருநாள் காலையில் அப்பா எங்களை எச்சரித்தார். “ஒருத்தரும் ஒண்டிலயும் முட்டக்கூடாது. பாதருக்கு நான் வாக்குக் குடுத்திட்டன். பிறகு கோயில் தரமாட்டினம்.”

பவனி முடிந்து கொடியை உள்ளே கொண்டுவந்தது நான். திரும்பும்போது கொடிக்கம்பின் நுனி கண்ணாடியில் பட்டது. பாட்டுச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. உடைந்து விழுந்த நடுச்சில்லைச் சட்டைப்பைக்குள் ஒளித்தேன்.

அடுத்த வாரம் பொறியியலாளர் வந்து உடைந்த கண்ணாடியைப் பார்த்தார். சுவர் அசைகிறது, அக்காவின் கணிப்புப் பிழை என்று எழுதினார். கோயிலைப் பூட்டிவிட்டார்கள்.

அக்கா அப்போது நோய் முற்றி ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் தோடம்பழம் கொண்டுபோனேன். “எங்க பிழை விட்டனான் எண்டு விளங்கேல்லையடி,” என்றார். சொல்ல வாய் திறந்தேன். தாதி உள்ளே வந்தார்.

“நாளைக்கு வாறன், அக்கா.”

“வா, வா. உனக்கெண்டாலும் என்ர சுவரில நம்பிக்கை இருக்கோ?”

“ஓம்,” என்றேன். பயத்தில் பிறகு நான் போகவேயில்லை.

அடுத்த மாதம் துளைக்கத் தொடங்குகிறார்கள். நான் சொன்னால் அந்தக் கோயில் இனி எங்களுக்குக் கிடைக்காமல் போகலாம்.

அக்காவின் எழுத்தில் தேதி உள்ள இந்தச் சில்லு மட்டுமே என்னிடம் இருக்கிறது. நாளை அதை அப்பாவின் கையில் கொடுப்பேன். கண்ணாடியின் இரு முனைகளும் இன்னும் அந்தச் சுவரில் ஒட்டியிருக்கின்றன. நடுவில் இதை வைத்துப் பாருங்கள். சுவர் அசைந்திருந்தால் பொருந்தாது.

பொருந்தும். நான்தான் முட்டினேன்.