ஆட்காட்டி முட்டையிட்ட மேடு

அக்காவை அடக்கம் செய்த நாளில் நல்ல மழை. குழியில் ஊறிய தண்ணீரை வாளியால் இறைத்த பிறகுதான் பெட்டியை இறக்கினார்கள். எந்தப் பக்கமாக நுழைந்தோம், எத்தனை கல்லறைகளைத் தாண்டிப் போனோம் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து என்னைத் திருப்பூருக்கு அழைத்துவந்து ஓவர்லாக் மெஷின் முன்னால் உட்காரவைத்தவள் அவள். பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தாள். காய்ச்சல் என்று படுத்தவள் ஐந்தாம் நாள் இல்லை.

மூன்றாம் நாள் போய் ஒரு மரச்சிலுவை நட்டேன். திருப்பூர் மண்ணரையில், நாங்கள் குடியிருந்த லைன் வீட்டு வாசலில் அவள் வளர்த்த வெள்ளை நித்தியகல்யாணியில் ஒரு கன்றைப் பிடுங்கி வந்து தலைமாட்டில் வைத்தேன். சிலுவை சாய்ந்தாலும் பூ அடையாளம் காட்டும் என்று நினைத்தேன். பிறகு வேலை பெருமாநல்லூருக்கு மாறியது. ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட் இருந்தது. ஷிப்ட் இல்லாத ஞாயிறுகளிலும் போக மனம் வரவில்லை என்பதுதான் நிஜம்.

ஒன்றரை வருடம் கழித்து, ஒரு மே மாதக் காலையில் போனேன். கல்லறைத் தோட்டம் முழுக்க நித்தியகல்யாணி. வெள்ளையும் ரோஸும் கலந்து, கல்லறை எது, நடைபாதை எது என்று தெரியாமல் பூத்துக் கிடந்தது. இடையிடையே எருக்கு, தும்பை, நெருஞ்சி. என் சிலுவையைக் கரையான் தின்றுவிட்டது போலிருக்கிறது. சுவரோரம் என்பது மட்டும் நினைவிருந்தது. அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மண்மேடுகள் இருந்தன. இரண்டிலும் பெயர் இல்லை. இரண்டிலும் வெள்ளைப் பூ இருந்தது.

இடப்பக்கத்து மேட்டில் வெள்ளை கொஞ்சம் அதிகம் போல் பட்டது. குனிந்து ஒரு நெருஞ்சிக் கொடியைப் பிடுங்கினேன். உடனே ஒரு பறவை கத்திக்கொண்டு தலையை உரசுவதுபோல் பாய்ந்து போனது. ஆட்காட்டி. கீழே பார்த்தால், சரளைக் கற்களுக்கு நடுவே நான்கு முட்டைகள், மண்நிறத்தில் கறுப்புத் திட்டுகளோடு. இன்னும் ஓரடி வைத்திருந்தால் மிதித்திருப்பேன்.

"அப்படியே பின்னால வாங்க தம்பி. கீழ பாத்து வாங்க" என்று ஒரு குரல் கேட்டது. வேப்பமர நிழலில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். சாமளாபுரத்தில் தறி ஓட்டியவராம். பிறகு அவர் மெதுவாகக் கேட்டார்: "ஏனுங், அது எங்க ஊட்டுக்காரியை வெச்ச எடமுங்களே. நீங்க யாருங்க?"

"ஐயா, அது எங்க அக்காவுக்குள்ளதுல்லா. அந்த வெள்ளப் பூ நான்தான் வச்சேன்."

"வெள்ளைங்களா? நான் ரோஸ் வெச்சனுங்க. அதுலயே இருக்குது பாருங்க."

இருந்தது. அடுத்த மேட்டிலும் இரண்டு நிறமும் இருந்தன. அவர் எழுந்து வந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப எனக்குக் கண்ணுல புரைங்க. பையன்தான் கையப் புடிச்சுக் கூட்டியாந்தான். ஆபரேசனுக்கு அப்பறந்தான் இந்த எடத்தையே தெளிவாப் பாக்கறனுங்க" என்றார். அவர் மகன் இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். போனில் கேட்டால் சுவரோரம் என்று மட்டும் சொல்கிறானாம்.

கோயில் பிள்ளையிடம் போனோம். மணியடிப்பதோடு அடக்கப் பதிவேட்டையும் அவர்தான் வைத்திருக்கிறார். அக்காவுக்கு மூன்றாம் வரிசை, ஏழு. பெரியவரின் மனைவிக்கு அதே வரிசை, எட்டு. வாசலிலிருந்து எண்ண வேண்டும் என்றார். ரோடு அகலப்படுத்தியபோது பழைய வாசலை அடைத்து எதிர்ப்பக்கம் புது வாசல் வைத்திருந்தார்கள். அக்கா இறந்தபோது எந்த வாசல் திறந்திருந்தது என்று அவருக்கும் நிச்சயமில்லை. ஒரு பக்கமிருந்து எண்ணினால் இடது மேடு அக்கா. மறுபக்கமிருந்து எண்ணினால் வலது.

முட்டை இருக்கும்வரை எதையும் வெட்டவோ கட்டவோ வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஞாயிறுதோறும் இருவரும் வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். வெயில் ஏறியதும் பறவை எழுந்துபோய், குழாயடியில் தேங்கிய தண்ணீரில் வயிற்றை நனைத்துவந்து முட்டைகளின்மேல் அமரும். அக்காவுக்குத்தான் குளிர்ச்சி வருகிறது என்று ஒரு நிமிடம் சந்தோஷப்படுவேன். அடுத்த நிமிடமே அங்கே கிடப்பது பெரியவரின் மனைவியாக இருந்தால் என்ன செய்வது என்று தோன்றும். வலது மேட்டைப் பார்ப்பேன். அதில் ஓர் ஓணான் தவிர ஒன்றும் இராது. அங்கே அக்கா தனியாகக் கிடக்கிறாளோ என்று நினைப்பேன். யாருக்காக அழுகிறேன் என்று தெரியாமல் அழுதது அந்த ஞாயிறுகளில்தான்.

நான்காவது ஞாயிறு முட்டைகள் இல்லை. ஓடும் இல்லை. தூரத்தில் எருக்கஞ்செடிப் பக்கம் ஆட்காட்டி கத்திக்கொண்டிருந்தது.

"பொரிச்சுக் கூட்டிட்டுப் போயிருச்சுங்க" என்றார் பெரியவர்.

"கீரி ஏதும் வந்திருக்குமோ ஐயா?"

"அப்பிடியும் இருக்கலாமுங்க." எழுந்து மேடுகளின் பக்கம் போனார். "இப்பக் கட்டிப்போடலாமுங்க தம்பி. நீங்களே ஒண்ணச் சொல்லுங்க. நான் இன்னொண்ண எடுத்துக்கறேன்."

நான் இடது மேட்டின் பக்கம் கையைத் தூக்கினேன். பாதியில் கை இறங்கிவிட்டது. "நீங்க சொல்லுங்க ஐயா" என்றேன். அவராலும் முடியவில்லை.

கடைசியில் ஒரே கல்லாகச் செய்து இரண்டு மேடுகளுக்கும் நடுவில், தலைமாட்டில் நிறுத்தினோம். மேலே அவர் மனைவி பெயர், கீழே அக்கா பெயர். அந்த அம்மா வயதில் மூத்தவர் என்பதால் அப்படி. பங்குச் சாமியாரிடம் சொன்னபோது சிரித்துவிட்டு ஜெபித்தார். நானும் பெரியவரும் இரண்டிலும் மெழுகுவர்த்தி ஏற்றினோம்.

அக்காவின் மகள் ஊரில் பெரியம்மா வீட்டில் தங்கிப் படிக்கிறாள். கல்லை போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். வெகு நேரம் கழித்துக் கூப்பிட்டாள்.

"மாமா, இதுல எங்கம்மா எந்தப் பக்கம்?"

தெரியவில்லை என்றேன். அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். 

"சரி, லீவுக்கு வாரேன். வந்து நானும் பாக்கேன்" என்றாள்.