கார்க் கதவு மூடும் வரை

காலை ஆறு நாற்பது. இரவு ஊரில் தங்கிய பஸ்ஸின் முன் கண்ணாடியில் படிந்திருந்த பனியை டிரைவர் பழைய செய்தித்தாளால் துடைத்துக்கொண்டிருந்தார். அன்று முதலில் கண்ணில் பட்டது அதுதான். அவர் தாளைக் கசக்கி எறிவதற்குள் என் கையிலிருந்த போன் அடித்தது. திரையில் தம்பியின் பெயர்.

தம்பி வருடத்தில் இரண்டு முறை கூப்பிடுவான். பொங்கலன்று ஒன்று, அம்மாவின் திதியன்று ஒன்று. அன்று இரண்டும் இல்லை. நவம்பர் மாதத்துப் புதன்கிழமை. அவன் இருக்கும் அமெரிக்காவில் அப்போது செவ்வாய் இரவு எட்டு மணி தாண்டியிருக்கும். புதிய ஜனாதிபதிக்கான வாக்குப்பதிவு முடிந்து சாவடிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன.

"அக்கா, எந்திரிச்சிட்டயா?"

"பஸ் ஸ்டாப்புல நிக்கறேன். என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. வேலை முடிஞ்சு வெளிய வந்தேன். சும்மாதான் கூப்பிட்டேன்."

பஸ் ஸ்டாப்பில் நான் நின்றதற்குக் காரணம் இருந்தது. மலை மேல் குண்டனி நாடு என்கிற ஊரில் நான் குடியிருக்கும் வீடு பள்ளத்தில் இருக்கிறது. அங்கே சிக்னல் எடுக்காது. மேட்டில் நிழற்குடைக்கும் டீக்கடைக்கும் நடுவில்தான் எடுக்கும். பத்திரிகையில் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அமெரிக்கத் தேர்தல் வந்தால், யார் ஜெயித்தாலும் போடுவதற்கென்று இரண்டு தலைப்புகளை எழுதி வைத்துக்கொண்டு விடிய விடியக் காத்திருந்த பழக்கம் விடவில்லை. அந்த வருடம் எந்தத் தலைப்பும் கேட்க யாருமில்லை. ஆனாலும் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏறியிருந்தேன்.

தம்பி செய்துகொண்டிருந்த வேலை எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தொற்றுநோய்க் காலத்தில் அவனுடைய நிறுவனம் ஆட்களைக் குறைத்தபோது அவனும் வெளியே வந்துவிட்டான். அதை அம்மாவின் திதியன்று சொல்லவில்லை. இப்போது தேர்தலுக்கென்று எடுத்த தற்காலிக ஆட்களில் ஒருவன். தபாலில் வந்த வாக்குகளின் உறையைப் பிரிக்க வேண்டும். உள்ளே இன்னொரு உறை இருக்கும், அதையும் பிரிக்க வேண்டும். சீட்டை வெளியே எடுத்து, மடிப்பை நீவி, இயந்திரத்துக்கு ஏற்றபடி அடுக்க வேண்டும். மேசைக்கு இரண்டு பேர். எதிரில் உட்காருகிறவர் மற்ற கட்சிக்காரர்.

"இருவது வருசம் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தவன், இப்ப காகிதத்தை நீவிட்டு உக்காந்திருக்கேன்" என்றான். சிரித்தான். மாஸ்க்குக்குள்ளிருந்து வந்த சிரிப்பு. பின்னால் யாரோ ஒலிபெருக்கியில் பேசுவது கேட்டது.

"என்ன சத்தம்?"

"வாசல்ல கொஞ்சம் பேரு கொடி வெச்சுட்டு நிக்கறாங்க. அதொண்ணுமில்ல. நீ சொல்லு, அங்க குளுருதா?"

குளிர்கிறது என்றேன். மிளகு இன்னும் பச்சையாக இருக்கிறது என்றேன். கார்க் கதவு ஒன்று மூடும் சத்தம் கேட்டது. "சரிக்கா, வெச்சிர்றேன்" என்றான்.

நேர வித்தியாசத்தைக் கணக்குப் போட்டு, அவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிற நேரம்தான் என்று எண்ணியபடி கீழே இறங்கினேன். அவனும் தனி ஆள்தான். கல்யாணம் நிலைக்கவில்லை. பிள்ளைகள் இல்லை. அடிவாரத்தில் இருந்த எங்கள் காட்டு நிலத்தை விற்ற பிறகு, சேர்ந்து முடிவெடுக்க வேண்டிய விஷயம் என்று எங்கள் இருவருக்கும் நடுவில் எதுவும் மிஞ்சவில்லை.

வழக்கமாக எங்களூர் மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும் முடிவு அன்று தெரியவில்லை. சில மாநிலங்களில் இரண்டு வேட்பாளர்களுக்கும் நடுவில் வித்தியாசம் மிகக் குறைவாக இருந்தது. தபால் வாக்குகளை எண்ண நாளாகும் என்றார்கள். தம்பி இருந்த மாநிலம் அவற்றில் ஒன்று.

மறுநாள் அதே நேரத்துக்கு மேட்டில் நின்றேன். செய்திக்காக என்று சொல்லிக்கொண்டேன். போன் வந்தது.

"இன்னைக்கும் எந்திரிச்சிட்டயா?"

"எந்திரிச்சா என்ன, நீதான் நாட்டையே இழுத்தடிக்கற. சீக்கிரம் பிரி."

"அக்கா, ஒவ்வொரு உறையையும் ஒட்டற பசையிலயே பாதி ஜென்மம் போயிரும் போல" என்றான். யாரையோ கூட்டம் திட்டுவது கேட்டது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்தினார்கள். நிறுத்து என்பதுதான் அந்தச் சொல்; எண்ணிக்கையை நிறுத்தச் சொன்னார்கள். அவன் பேச்சை நிறுத்தவில்லை. அம்மா செய்யும் பச்சைப்பயறு கடைசலுக்குச் சீரகம் முதலிலா கடைசியிலா என்று கேட்டான். நான் சொல்லி முடிப்பதற்குள் கதவு மூடியது. "அப்பறம் கூப்பிடறேன்" என்றான்.

டீக்கடைக்காரம்மா காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"ஏனுங்கம்மா, அங்க இன்னும் எண்ணி முடிக்கலீங்களா?"

"இல்லீங்க. காகிதச் சீட்டுங்க. மெதுவாத்தான் ஆகும்."

"நம்ம பஞ்சாயத்து எலெக்சனும் காகிதந்தானுங்க. பனியில ராவெல்லாம் வெளிய நின்னமே. எங்கூட்டுக்காரரு பெரியப்பன் மகன் தோத்தாருன்னு விடியக்காலந்தான் சொன்னாங்க. அதுவரைக்கும் மாலைய நாந்தான் கையில வெச்சுட்டு நின்னேன்."

"மாலைய என்ன பண்ணுனீங்க?"

"ஆட்டுக்குப் போட்டேனுங்க. தின்னுருச்சு."

பெஞ்சில் இருந்த கண்டக்டர் டீ டம்ளரோடு திரும்பினார். "ஏனுங்கம்மா, செயிக்கறவருகிட்ட உங்க தம்பிய விட்டு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. நம்ம மலை ரோட்டுல எழுவது வளைவு இருக்குது. பாதியையாச்சும் நேராக்கித் தரட்டும்."

"உனக்கு வளைவு நேராயிட்டா ஒடிக்க ஒண்ணுமில்லாம தூங்கிருவாரு உன்ற டிரைவரு" என்றார் கடைக்காரம்மா. பிறகு கடைக்குப் பின்புறம் போய்ப் பள்ளத்தைப் பார்த்து, "ஓஓய்" என்று குரல் கொடுத்தார்.

விடியலில் அவருடைய கணவர் கீழே மிளகுக் கொடிகளைப் பார்க்கப் போவார். திரும்பும் வழியில் ஒரு புதர்க்காடு. அதில் கரடி நடமாட்டம் உண்டு. அவர் மேலே வந்து சேரும்வரை இந்தம்மா கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். மூடுபனிக்குள்ளிருந்து பதில் வரும். ஊரில் எல்லா வீட்டிலும் இது உண்டு.

"ஓஓய்! இருக்கறயா, போய்ச் சேந்துட்டயா?"

"இருக்கேன் இருக்கேன். டீய ஆத்து."

வெள்ளிக்கிழமை மழைத் தூறல். போன் வந்தபோது தம்பியின் குரலுக்கு மேலாகக் கூட்டத்தின் குரல் கேட்டது. மேளம் போல எதையோ தட்டினார்கள்.

"அக்கா, பேசு. ஏதாச்சும் பேசு."

"எதைப் பேச? நீ சாப்பிட்டயா?"

"இல்ல. போயித்தான். நீ என்ன..." என்றான். பிறகு அவனருகே ஒரு ஆண் குரல் ஆங்கிலத்தில் எதையோ கேட்டது. கேள்வி என்பது மட்டும் தெரிந்தது. தொடர்பு அறுந்தது.

சிக்னல் போயிருக்கும் என்று நினைத்தேன். என் திரையில் சிக்னல் இருந்தது. திருப்பிக் கூப்பிட்டேன். போன் அணைந்திருந்தது; தகவலைப் பதிவு செய்யுங்கள் என்று ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் சொன்னது.

பஸ் கிளம்பியது. ஏறிக்கொண்டேன். மலையில் பெரிய ஊரான செம்மேட்டில் சிக்னல் நன்றாக இருக்கும் என்பதைத் தவிர வேறு காரணமில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, முந்தைய இரண்டு பேச்சுகளையும் வரிசையாக நினைத்துப் பார்த்தேன். செய்தியைத் திருத்துகிற பழக்கம் அது. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது. இரண்டு பேச்சும் கட்டடத்தின் கதவுக்கு வெளியே தொடங்கியிருந்தன. இரண்டும் கார்க் கதவு மூடியதும் முடிந்திருந்தன. சீரகத்துக்கு நான் சொன்ன பதிலை அவன் கேட்கவே இல்லை.

செம்மேடு பஸ் ஸ்டாண்டில் நின்று மறுபடி கூப்பிட்டேன். அதே பெண் குரல். அவனுடைய அக்கம்பக்கத்தார் எண் என்னிடம் கிடையாது. நண்பர்கள் பெயர்கூடத் தெரியாது. செய்தித் தளங்களைத் திறந்தேன். அவன் இருந்த மாநிலத்தின் எண்கள் நகர்ந்திருந்தன. முன்னணியில் இருந்தவரின் வித்தியாசம் குறைந்திருந்தது. அதைப் பார்த்து மகிழ்ந்தவர்களும் கலங்கியவர்களும் உலகம் முழுக்க இருந்திருப்பார்கள். அந்த எண்களிலிருந்து நான் தெரிந்துகொண்டது உள்ளே இன்னும் வேலை நடக்கிறது என்பதை மட்டும். 'வாக்கு எண்ணிக்கை தொடர்கிறது' என்று என் கையால் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். எண்ணுகிறவர்கள் எப்படி வீட்டுக்குப் போகிறார்கள் என்று எந்த நிருபரிடமும் கேட்டதில்லை.

கறிகாய்க் கடையில் எதையோ வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது அது பாகற்காய். நான் சாப்பிடாத காய்.

சாயங்காலம் மறுபடி மேட்டுக்கு ஏறினேன். அங்கே அவனுக்கு விடிந்திருக்கும் நேரம். போன் இன்னும் அணைந்தே இருந்தது. கடைக்காரம்மா எதுவும் கேட்காமல் டீ கொடுத்தார். காசு நீட்டியபோது, "இருக்கட்டுங்க, காலைல பாத்துக்கலாம்" என்றார்.

சனிக்கிழமை ஆறு மணிக்கே நிழற்குடையில் உட்கார்ந்துவிட்டேன். மூடுபனி அடர்த்தியாக இருந்தது. பஸ்ஸின் மஞ்சள் விளக்கு மட்டும் தெரிந்தது. டிரைவர் கண்ணாடியைத் துடைத்தார். ஆறு நாற்பது கடந்து சில நிமிடங்கள் ஆயின. போன் அடித்தது.

"கண்ணு" என்றேன். அவனை அப்படிக் கூப்பிட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

"ஒண்ணுமில்லக்கா. இன்னும் உள்ளதான் இருக்கேன், கதவுகிட்ட. நேத்து ஒருத்தன் செல்லு கேமராவ மூஞ்சிக்கு நேரா நீட்டிட்டு, எந்த நாட்டுல இருந்து வந்தேன்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"இந்த ஊருதான்னேன்" என்றான். "உங்கிட்டத் தமிழ்ல பேசிட்டிருந்தேன் இல்ல, அதான் ஆஃப் பண்ணி சட்டைக்குள்ள போட்டுட்டேன். அப்பறம் கார்லயே மறந்து விட்டுட்டுப் போயி... நீ பயந்துட்டயா?"

"இல்ல" என்றேன்.

"போலீஸ் இருக்குதுக்கா. யாரும் கை வைக்க மாட்டாங்க. கார் நிறுத்தற எடத்தத்தான் ரெண்டு தெரு தள்ளி மாத்திட்டாங்க. இன்னைக்குக் காதுல மாட்டிக்கறேன். நான் பேசல. நீ பேசு. நான் கேட்டுட்டே போறேன்."

கனமான கதவு திறக்கும் சத்தம் கேட்டது. உடனே கூட்டத்தின் இரைச்சல்.

அதிகம் பேசுகிறவள் இல்லை நான். பேசுவதைக் குறைப்பதுதான் என் தொழிலாக இருந்தது. அன்று கண்ணில் பட்டதையெல்லாம் சொன்னேன். பஸ் கண்ணாடியைத் துடைத்தாகிவிட்டது, இன்னும் இரண்டு பேர்தான் ஏறியிருக்கிறார்கள், ஒருவர் மரவள்ளிக் கிழங்கு மூட்டையைச் சீட்டில் வைத்ததற்குக் கண்டக்டர் சண்டை போடுகிறார் என்றேன். மூட்டைக்கும் டிக்கெட் எடு என்கிறார், அது மடியில் வைத்துக்கொள்ளும் குழந்தை என்கிறார் மூட்டைக்காரர் என்றேன். பாகற்காய் வாங்கிய கதையைச் சொன்னேன். மறுபக்கம் மேளமும் கத்தலும் மூச்சும் கேட்டன. அவனுடைய மூச்சை மட்டும் பிரித்துக் கேட்க முயன்றேன். இப்போது டீக்கடைக்காரம்மா பின்பக்கம் போகிறார், கணவரைக் கூப்பிடப் போகிறார் என்றேன்.

"ஓஓய்" என்றார் அவர்.

பதில் இல்லை.

"ஓஓஓய்! காதுல என்ன, மண்ணா?"

"வாரேன்... வாரேன்..." என்று பனிக்குள்ளிருந்து வந்தது.

அவரும் வந்துகொண்டிருக்கிறார் என்று தம்பியிடம் சொன்னேன். கத்தல் மெல்லக் குறைந்தது. காலடிச் சத்தம் தனியாகக் கேட்டது. சாவிக்கொத்து குலுங்கியது. நான் பேச்சை நிறுத்தவில்லை. கார்க் கதவு திறந்தது, மூடியது. பூட்டு விழுந்தது.

"வந்துட்டேன்" என்றான் தமிழில்.

பிறகு அவன் கேட்டான், "அந்தக் கிழங்கு மூட்டைக்கு டிக்கெட் எடுத்தாங்களா?"

"எடுக்கல. மடியில வெச்சுட்டாரு."

சிரித்தான். இன்ஜினைக் கிளப்பினான். போனை வைத்தான்.

அன்றிரவு, நான் பள்ளத்தில் தூங்கிக்கொண்டிருந்தபோது, முடிவை அறிவித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை மேட்டுக்கு வந்து திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நகரங்களில் ஒரு சாரார் தெருவில் ஆடினார்கள். இன்னொரு சாரார் கொடிகளைச் சுருட்டினார்கள். தம்பி இருந்த மாவட்டத்தில் வாக்கு எண்ணும் கட்டடத்தின் முன்பு கூட்டம் கலைந்துவிட்டதாக ஒரு சிறு செய்தி இருந்தது. மிச்சமிருக்கும் உறைகளைப் பிரிக்கும் வேலை இன்னும் சில நாட்கள் நடக்கும் என்று அதன் கடைசி வரி சொன்னது.

ஆறு நாற்பதுக்குப் போன் வரவில்லை. பஸ் கிளம்பிப் போனது. 'வீட்டுக்குப் போய்விட்டாயா' என்று ஒரு செய்தி அனுப்பினேன். கட்டைவிரலை உயர்த்திய படம் ஒன்று பதிலாக வந்தது.

திங்கட்கிழமையும் ஏறி வந்தேன். செவ்வாய்க்கிழமையும்.

"தம்பி இப்பப் பேசறதில்லீங்களா?" என்றார் கடைக்காரம்மா.

"வாசல்ல இருந்த கூட்டம் போயிருச்சுங்க."

"அப்ப நல்லதுதானுங்க."

"நல்லதுதானுங்க" என்றேன்.

அவர் கணவர் கொஞ்சம் முன்பே மேலே வந்து சேர்ந்திருந்தார். பெஞ்சில் உட்கார்ந்து, ஈரமான பச்சை மிளகுச் சரத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி அடுத்துக் கூப்பிட்டது பொங்கலன்று.